மூன்றாவது பாட்டில் ஒரு கொலை மிரட்டல்!

போன் அலறியது.

மாஸ்டரால் எடுக்க முடியவில்லை. பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எதிரே வந்த குப்பை லாரியைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.

"பிரேக்கும்மா... பிரேக்!"

"எது மாஸ்டர் பிரேக்கு?"

மாஸ்டர் தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை ஓங்கி மிதித்தார். டிரைவிங் ஸ்கூல் கார் குலுங்கி நின்றது. லாரிக்காரன் இருவரின் பரம்பரையையும் விசாரித்துவிட்டுப் போனான்.

போன் மறுபடியும் அலறியது.

"டேய் மாஸ்டர்! உடனே ஸ்டூடியோவுக்கு வாடா!" சிங்கத்தின் குரல். நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னடா ஆச்சு?"

"நம்ம இடி விழுந்து கிடக்கான்டா! தலையெல்லாம் ரத்தம்... பேச்சு மூச்சு இல்லை! ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். போலீசுக்கும் சொல்லிட்டேன்!"

"போலீஸ் எதுக்குடா?"

"ஹார்ட் டிஸ்க்கைக் காணோம்டா! எவனோ இவனை அடிச்சுப் போட்டுட்டு நம்ம டிஸ்க்கை எடுத்துட்டுப் போயிட்டான்!"

'அது எப்படிடா முடியும்?' என்று கேட்க வந்த மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஏனென்றால்...

அந்த ஹார்ட் டிஸ்க், அவர் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில், வண்டி துடைக்கிற பழந்துணியில் சுற்றிப் பத்திரமாக இருந்தது!

*

மாஸ்டர் பகலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். மிச்ச நேரமெல்லாம் கிட்டார். அவரும் சிங்கமும் இடியும் சேர்ந்ததுதான் அந்த மெட்டல்கோர் பேண்ட்.

மெட்டல்கோர் என்றால்?

பாதி பாட்டு, பாதி உறுமல். நடுநடுவே வீட்டுக்காரரை மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் சத்தம்.

சிங்கம் பாடகன். மைக்கைப் பிடித்தால் கர்ஜிப்பான். பகலில் குழந்தைகள் துணிக்கடையில் நின்று, "மூணு மாசக் குழந்தைக்கா மேடம், ஆறு மாசக் குழந்தைக்கா?" என்று பூப்போலப் பேசுவான். இடி டிரம்மர். மாஸ்டரின் ஒரே தங்கையைக் கட்டியவன்.

இரண்டு வருஷ உழைப்பு. பத்துப் பாட்டு. இன்று மாலை ஆறு மணிக்கு ஆல்பம் ரிலீஸ்! அதுவரை யாரும் கேட்கக்கூடாது என்று மாஸ்டர் கட்டளை. சின்னதாக ஒரு ஹால் பிடித்து, நூறு பேரைக் கூப்பிட்டு, முதல்முறையாகப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

சரி, தன் டிஸ்க்கைத் தானே ஏன் ஒளித்து வைத்தார்?

அதைச் சொல்ல அவருக்கு வெட்கம். நமக்கென்ன வந்தது? சொல்லிவிடலாம்.

அந்தப் பத்துப் பாட்டிலும் டிரம் அடித்தது இடி இல்லை. கம்ப்யூட்டர்!

இடி தனியாகத்தான் ரெக்கார்டிங் செய்வான். "யாராவது பாத்தா எனக்குக் கை ஓடாது மச்சான்" என்று சாவியை வாங்கிக்கொள்வான். மாஸ்டர் காரில் ஊர் சுற்றும் நேரத்தில் அடித்து முடித்துவிட்டுப் போய்விடுவான். முதல் பாட்டைப் போட்டுக் கேட்டார் மாஸ்டர். நொந்துபோனார். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்!

முகத்துக்கு நேரே சொன்னால் தங்கச்சி புருஷன் மூஞ்சி சுருங்கும். சொல்லவில்லை. அவன் அடித்ததை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தன் கிட்டாருக்குத் தோதாகக் கம்ப்யூட்டரிலேயே டிரம்மை எழுதிக்கொண்டார். அப்புறம் வந்த ஒன்பது பாட்டுக்கும் அதே வைத்தியம். அந்த ஒன்பதையும் அவர் காதில்கூட வாங்கவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று விட்டுவிட்டார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்று மத்தியானம்தான் சிங்கம் வாயைத் திறந்தான்.

"ஹால்ல முதல்ல நம்ம இடி அடிச்ச வெறும் டிரம்மை மட்டும் போடுவோம்டா! கிட்டார் வேணாம், என் கத்தல் வேணாம். ஜனங்க வாயைப் பொளக்கணும்! காலைல நானே போய் டிஸ்க்லேருந்து எடுத்து வெக்கறேன்!"

இடி ஏனோ அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டான். டிஸ்க்கைத் திறந்தால் மாஸ்டரின் கம்ப்யூட்டர் டிரம் குட்டு உடைந்துவிடும்! சாயங்காலமே ஸ்டூடியோவுக்குப் போய் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். 'காணாம போயிடுச்சுப்பா' என்று கையை விரித்துவிட்டால் முடிந்தது கதை.

முடியவில்லை. இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது!

*

ஒரு தையல்கடைக்குக் கீழே, தரைமட்டத்துக்கும் கீழே, ஸ்டூடியோ. மாஸ்டர் படியில் ஓடி இறங்கினபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்துவிட்டிருந்தாள்.

நாற்பது வயது இருக்கும். சிரிப்பு மருந்துக்கும் இல்லாத முகம்.

டிரம் செட் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. தரையில் ரத்தம். அலமாரிக்குப் பக்கத்தில் ஓர் ஏணி விழுந்து கிடந்தது. சிங்கத்தின் சட்டையிலும் ரத்தம்.

"அவனைத் தூக்கினேன் மேடம்... அப்ப பட்டது..."

"அதை அப்புறம் பார்க்கலாம்." இன்ஸ்பெக்டர் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க தையல்காரரே."

தையல்காரர் கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் மேடம்... கடை மூடற நேரம். கீழேருந்து ஒரே அலறல். 'உன்னைக் கொல்லாம விடமாட்டேன்! மிதிச்சு நசுக்குவேன்!'னு. கத்தரிக்கோல் இழுத்துட்டுப் போயி, ஒருத்தர் பேன்ட்டே அரைக்கால் டிராயராயிடுச்சு!"

"யார் குரல்?"

"இதோ இந்தத் தம்பி குரல்தான். ரெண்டு வருஷமா தலையெழுத்தேன்னு கேட்டுட்டு இருக்கேனே... தெரியாதா?"

சிங்கம் பதறினான். "மேடம்! அது எங்க மூணாவது பாட்டு! சிகரெட்டை விடறதைப் பத்தின பாட்டு! சிகரெட்டைத்தான் மிதிச்சு நசுக்கறேன்!"

"சரி. நேத்து சாயங்காலம் இங்க வந்து நசுக்கினீங்களா?"

"இல்லை மேடம். நான் வரவே இல்லை. வீட்ல இருந்தேன்."

"கூட யாரு?"

"தனியா..."

"அப்ப சிகரெட்டே வந்து பாடிட்டுப் போச்சா?"

மாஸ்டர் மெல்ல ஸ்பீக்கருக்குப் பின்னால் நகர்ந்தார்.

அந்தப் பாட்டைப் போட்டது அவர்! டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்னால், நம்ம ஆல்பத்தை ஒரே ஒரு தடவை முழுச் சத்தத்தில் கேட்போமே என்று ஓர் ஆசை. கதவைக்கூடச் சாத்தவில்லை.

இன்ஸ்பெக்டரின் பார்வை இவர் பக்கம் வந்தது.

"நீங்க? நேத்து சாயங்காலம் இங்க வந்தீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் சிங்கம் வீட்டுக்குப் போவான். ஆனால், ஏன் வந்தீங்க என்பாள். டிஸ்க் எங்கே என்பாள். அதில் என்ன இருக்கிறது என்பாள். ஆறு மணிக்குள் கம்ப்யூட்டர் டிரம் கதை ஊர் பூராவும் நாறும். அடிபட்டுக் கிடப்பவன் காதுக்கும் போகும்.

"இல்லை மேடம்" என்றார் மாஸ்டர்.

"அவன் வந்திருந்தா சொல்லியிருப்பான் மேடம்" என்றான் சிங்கம், பாவம். "மாஸ்டர் பொய் சொல்ற ஆள் இல்லை!"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். வேறெங்கே பார்க்க?

"ஜீப்ல ஏறுங்க" என்றாள் இன்ஸ்பெக்டர், சிங்கத்திடம்.

*

ஆஸ்பத்திரி வராந்தா. தங்கை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"உயிருக்கு பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாருண்ணா. மயக்கம் தெளியணுமாம்..."

"அப்பாடா!"

"டிஸ்க் கிடைச்சுதா?"

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "புருஷன் உள்ள கிடக்கான்... நீ டிஸ்க்கைக் கேக்கறே?"

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சும்மாதான் கேட்டேன்."

பிறகு அவளே ஆரம்பித்தாள். "சிங்கம் அண்ணனைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்களாமே? அவரா இப்படிச் செய்வாரு?"

"யாரு என்ன செய்வாங்கன்னு... நாம எப்படிம்மா சொல்ல முடியும்?"

"உன்னால சொல்ல முடியாதா?" தங்கை அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "கரப்பான்பூச்சியைக்கூட அட்டையில ஏத்தி வெளிய விடற மனுஷன்ணா அவரு!"

மாஸ்டர் எழுந்தார். உட்கார முடியவில்லை. இருபது வருஷ சிநேகிதனை ஒரே காலையில் இரண்டு தடவை விற்றாயிற்று. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். எங்கே போகிறோம் என்று யோசிக்கவேயில்லை. கார் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது.

உள்ளே நுழைந்ததும்...

"உன்னைக் கொல்லாமல் விடமாட்டேஏஏஏன்!"

ஒரு கான்ஸ்டபிள் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். புகார் கொடுக்க வந்த பெரியவர் ஒருவர், புகாரே வேண்டாம் என்று வெளியே ஓடினார்.

"இதேதான் மேடம்!" என்றார் தையல்காரர், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. "அச்சு அசல் இதேதான்!"

"போதும். நிறுத்து." இன்ஸ்பெக்டர் எதையோ எழுத ஆரம்பித்தாள்.

சிங்கம் மாஸ்டரைப் பார்த்தான். இடது கன்னத்தில் விரல் விரலாகப் பதிந்திருந்தது. உதடு வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் சிரிக்கப் பார்த்தான்.

"ஒண்ணுமில்லடா... சும்மா ஒண்ணு போட்டாங்க. இடி எப்படி இருக்கான்?"

"நல்லா... நல்லா இருக்கான்."

"மாஸ்டர், ஒண்ணு சொல்றேன் கேளு. நான் வெளிய வராட்டியும் ரிலீஸை நிறுத்திடாதே. ஆறு மணிக்குக் கரெக்டா வந்துடணும். நம்ம ரெண்டு வருஷம்டா அது!"

மாஸ்டருக்குத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொண்டால் சிங்கத்தின் கன்னம் ஆறிவிடுமா?

"மேடம்..."

"என்ன?"

"அது ஸ்பீக்கர்ல வந்த குரல். பாட்டைப் போட்டது நான். டிஸ்க்கை எடுத்ததும் நான்தான்."

பேனா நின்றது.

சிங்கம் வாயைத் திறந்தான். அவ்வளவு பெரிய தொண்டையிலிருந்து சின்னச் சத்தம்கூட வரவில்லை.

*

ஸ்டேஷன் வாசலில், டிரைவிங் ஸ்கூல் காருக்குள், கற்றுக்கொள்பவர்கள் உட்காரும் சீட்டில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் மாஸ்டர். மடியில் லேப்டாப். பழந்துணியிலிருந்து வெளியே வந்த ஹார்ட் டிஸ்க்.

மாஸ்டர் ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"அதாவது..." இன்ஸ்பெக்டர் விரலை மடக்கினாள். "மாப்பிள்ளை மோசமா அடிச்சாரு. நீங்க தூக்கிப் போட்டீங்க. அதை மறைக்க டிஸ்க்கைத் தூக்கினீங்க. அதை மறைக்க சிநேகிதனை உள்ள தள்ளினீங்க."

"ஆமா மேடம்."

"சட்டத்துல இதுக்கு என்ன பேருன்னு பார்க்கணும். எங்க வீட்ல இதுக்கு வேற பேரு." ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். "டிஸ்க்ல நீங்க சொன்னதுதான் இருக்கா? போடுங்க, கேக்கறேன்."

"கேக்க சகிக்காது மேடம்..."

"போடுய்யா!"

மாஸ்டர், இடி அடித்து வைத்திருந்த இரண்டாவது பாட்டின் டிரம்மைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மானம் போகிற நேரத்தில் கண் எதற்கு?

ஒரு நிமிஷம் போனது.

கண்ணைத் திறந்தார். இன்ஸ்பெக்டரின் தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது! விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன!

"எனக்கு இந்த மியூசிக்கெல்லாம் தெரியாது" என்றாள். "ஆனா இது மோசமா?"

"மேடம்?"

"இன்னொண்ணு. முன்னாடி ஒண்ணு, ரெண்டுன்னு எண்றாங்களே... மாப்பிள்ளைக்குப் பொம்பளைக் குரலா?"

மாஸ்டர் ஹெட்போனைப் பிடுங்காத குறையாக வாங்கினார். முதலிலிருந்து போட்டார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு!"

தங்கையின் குரல்!

அப்புறம் இறங்கியது பார்... அடி! இரண்டு காலும் போட்டி போட்டுக்கொண்டு ஓடின. தாளம் ஓர் இடத்தில் மூச்சைப் பிடித்து நின்று, நாம் எதிர்பார்க்காத நேரத்தில் குதித்தது. மாஸ்டர் ஒரு வாரம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுதியது இதன் கால்தூசி பெறாது. அடுத்த பாட்டைப் போட்டார். அதற்கடுத்ததை. எல்லாம் அவளே! ஒன்பது பாட்டும் அவளே!

கடைசிப் பாட்டு முடிந்ததும் இடியின் குரல் தூரத்தில் கேட்டது. "கொன்னுட்டடி! ஒரு இடத்துலகூடப் பிசிறு இல்ல!"

தங்கை மூச்சு வாங்கினாள். "நிஜமாவா? அண்ணாவுக்குப் பிடிக்குமா?"

மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றினார். வாய்விட்டு அழுதார். ரோட்டில் போகிறவர்கள் குனிந்து பார்த்தார்கள். டிரைவிங் டெஸ்ட்டில் ஃபெயில் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

*

இடிக்கு நினைவு வந்துவிட்டது. தலையில் கட்டு. வலது முழங்காலில் இன்னொரு கட்டு.

"யாரு அடிச்சா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"யாரும் அடிக்கலை மேடம்." இடி யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நானேதான் விழுந்தேன். இன்னிக்கு விடியக்காலைல ஸ்டூடியோவுக்குப் போனேன்... சிங்கம் வர்றதுக்குள்ள டிஸ்க்கை எடுத்து ஒளிச்சு வெக்கலாம்னு."

"நீயுமா!"

"வெச்ச இடத்துல இல்லை. அலமாரி மேல இருக்குமோன்னு ஏணில ஏறினேன். முழங்கால் மடங்கிடுச்சு."

"எதுக்கு ஒளிக்கணும்?"

இடி மாஸ்டர் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது. "ஜவ்வு கிழிஞ்சு ஆறு மாசமாச்சு மச்சான். முதல் பாட்டைப் பல்லைக் கடிச்சுட்டு அடிச்சேன். அதுக்கப்புறம் முடியலை. டிரம்மருக்குக் கால் போயிடுச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்துது. இவளை அடிக்கச் சொன்னேன். வெறும் டிரம்மைப் போட்டா இவ குரல் கேட்டுடுமே..."

இன்ஸ்பெக்டர் தங்கையைப் பார்த்தாள். "நீங்க எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"இவரு வேலைக்குப் போனப்புறம் வீட்ல அந்த டிரம் சும்மாதானே மேடம் இருக்கும்?" தங்கை தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எனக்குப் பேரெல்லாம் வேணாம். பேரு இவருக்கே இருக்கட்டும். நான் அடிச்சதை ஊரே கேக்கப்போகுதேன்னு... அதுவே போதும்னு நினைச்சேன். இன்னிக்கு ஆறு மணிக்குக் கேட்டுடலாம்னு நாளை எண்ணிட்டு இருந்தேன்."

இதையும் மாஸ்டர்தான் சொல்லியாக வேண்டும்.

"ஆல்பத்துல நீ அடிச்சது இல்லம்மா."

"என்னண்ணா?"

"மாப்ள அடிச்சதுன்னு நினைச்சேன். கேக்காமலே எடுத்துட்டு, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன்."

தங்கை அவரையே பார்த்தாள்.

"ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லை."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. புருஷனின் போர்வையை இழுத்து நேராக்கினாள். திட்டித் தொலைத்திருந்தால் மாஸ்டர் கொஞ்சம் தப்பித்திருப்பார்.

போனை எடுத்தார். ஆல்பத்தை வெளியிடும் கம்பெனியைக் கூப்பிட்டார்.

"ரிலீஸை நிறுத்துங்க... ஆமா, தெரியும், கடைசி நேரம்தான்... தப்பு என் மேலதான். டிரம் வாசிச்சவங்களோட டிரம் அதுல இல்லை. மாத்திக் கொடுக்கறேன்... பேரையும் மாத்தணும். டிரம்ஸ் என் தங்கச்சி. முதல் பாட்டையும் அவளே வாசிப்பா. ஹால்ல வந்திருக்கறவங்ககிட்ட நானே போய்ச் சொல்றேன்... என்ன நினைச்சா என்ன? நினைக்கட்டும்!"

வாசலில் சிங்கம் நின்றுகொண்டிருந்தான். விட்டுவிட்டார்கள். கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது.

"ஏன்டா என்கிட்ட சொல்லலை?"

"வெக்கமா இருந்துதுடா."

"அதுக்கு என்னை மாட்டி விட்டுட்டியே..." சிங்கத்தின் உதடு துடித்தது. "நீ பொய் சொல்ல மாட்டேன்னு அந்தம்மாகிட்ட நான் சொல்லிட்டு இருக்கேன்..."

மாஸ்டர் அவன் கையைப் பிடித்தார். சிங்கம் கையை உதறவில்லை. பிடிக்கவும் இல்லை. அது சரியாக நாளாகும். மாஸ்டருக்கே தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டாள். "அவர் வெக்கப்பட்டாரு, இவர் வெக்கப்பட்டாரு. அறை வாங்கினது ஒண்ணும் தெரியாத மனுஷன்." சிங்கத்தின் எதிரே வந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். "அறைஞ்சது எங்க ஆளு. நான் தடுக்கலை. மன்னிச்சுக்குங்க."

அந்த ரூமில் தலைகுனிய மிச்சமிருந்தவளும் குனிந்தாயிற்று.

தங்கை மட்டும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தன் டிரம்மையும் அண்ணனின் கிட்டாரையும் சேர்த்து வைத்துப் போட்டாள்.

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒரு பாட்டு போனது. இரண்டு போனது. நான்காவது பாட்டில் அவள் புருவம் சுருங்கியது. நிறுத்தினாள். பின்னால் போய் மறுபடி கேட்டாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் மாஸ்டர், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

"டிரம் சரியாத்தான் இருக்குண்ணா. உன் கிட்டார்தான் எல்லா இடத்துலயும் லேட்டா வருது."

"லேட்டாவா? என் கிட்டாரா?"

"மூஞ்சியைச் சுருக்காதே" என்றாள் தங்கை. "யாருக்கும் சொல்லாம கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாமா?"